எலும்பு நலிவும் இதய நாடி நோயும்: முதியோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

வயது முதிர்ந்த ஒருவர் வீட்டுக்குள் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், குடும்பத்தினர் அதனைத் தற்செயலான விபத்தென்றே கொள்வர். மாவுக்கட்டுப் போடப்படும், சில வாரங்களில் கட்டு அகற்றப்படும், அத்துடன் விடயம் முடிந்ததாகக் கருதப்படும். ஆயினும், நின்ற நிலையிலிருந்து விழுந்த அளவிலேயே ஓர் எலும்பு முறியுமாயின், அம்முறிவுக்கு வீழ்ச்சி மட்டும் காரணமன்று; எலும்பின் நலிவும் காரணமாக இருத்தல் கூடும். அவ்வாறு எலும்பு நலிந்த ஒருவரிடம், இதயத்துக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளும் நோயுற்றிருக்கும் வாய்ப்பு ஏனையோரிலும் அதிகம் என்பதைக் கடந்த சில பதிற்றாண்டுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

வில்லாவுட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்காக எழுதப்பட்ட இக்கட்டுரை, இவ்விரு நோய்களுக்கும் உள்ள தொடர்பையும், அத்தொடர்பை அறிந்தவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் விளக்குகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம்

தமிழர் பேச்சு வழக்கில் "எலும்புத் தேய்வு" என்னும் சொல் இரு வேறு நோய்களைக் குறிக்கிறது. முழங்காலிலோ இடுப்பிலோ மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து வலியும் வீக்கமும் தோன்றுவது ஒன்று. இது மூட்டுத் தேய்வு. எலும்பின் உள்ளடர்த்தி குறைந்து, சிறு அதிர்ச்சிக்கும் முறியக்கூடிய நிலையை அடைவது மற்றொன்று. இது எலும்பு நலிவு நோய். ஆங்கில மருத்துவ வழக்கில் இதனை ஒஸ்டியோபொரோசிஸ் என்பர். மூட்டுத் தேய்வு வலியால் தன்னை அறிவிக்கும். எலும்பு நலிவு நோயோ முறிவு நிகழும் வரை எவ்வித அறிகுறியையும் பெரும்பாலும் காட்டுவதில்லை.

நோயாளி "எலும்புத் தேய்வு" என்று கூற, உடன் சென்ற பிள்ளை அதனை மூட்டுவலி என்று மொழிபெயர்க்க, மருத்துவர் வலி மாத்திரை எழுதிக் கொடுப்பதுடன் உரையாடல் முடிந்துவிடலாம். எலும்பு முறிந்த வரலாறு அவர் செவிக்கு எட்டாமலே போகும். ஆகவே இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி வழங்குதல் அவசியம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ள டப்போ நகரில், 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் பெண்களையும் கொண்டு கார்வன் மருத்துவ ஆய்வு நிறுவனம் 1989இல் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கியது. எலும்பு நலிவு பற்றி உலக அளவில் அறியப்பட்ட ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. சிறு வீழ்ச்சியால் எலும்பு முறிந்தவர்களிடையே, முறிவுக்குப் பிந்திய ஆண்டுகளில் இறப்பு வீதம் அவர்கள் வயதை ஒத்த ஏனையோரைவிட அதிகமாக இருந்ததென 2009இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. இரண்டாவது முறிவு ஏற்பட்டவர்களிடம் அவ்வபாயம் மீண்டும் உயர்ந்தது.

அதே 2009ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலிருந்து வேறோர் ஆய்வு வெளியாயிற்று. 1914 முதல் 1944 வரை பிறந்த 31,936 இரட்டையரின் மருத்துவப் பதிவுகளை அது ஆராய்ந்தது. இதய நாடி நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் அபாயம், அந்நோய் இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இதயச் செயலிழப்பும் பக்கவாதமும் கண்டவர்களிடம் அது மேலும் உயர்ந்திருந்தது. இரட்டையருள் ஒருவருக்கு இதயச் செயலிழப்போ பக்கவாதமோ இருந்து மற்றவருக்கு இல்லாதபோதும், அந்நோயில்லாத மற்றவருக்கும் இடுப்பு முறிவு அபாயம் கூடியிருந்தது. மரபணுவும் இரு நோய்களுக்கும் பொதுவான வேராக இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு நோய்கள் ஒருங்கே காணப்படுதல் வேறு. ஒன்று மற்றொன்றை உண்டாக்குதல் வேறு. எலும்பு நலிவே நேரடியாக மாரடைப்பை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. எலும்பைப் பலப்படுத்தும் மருந்து இதய நாடியையும் குணப்படுத்தும் என்றும் நிறுவப்படவில்லை. ஒரு நோய் தென்பட்டால் மற்றதையும் தேடிப் பார்த்தல் தகும் என்பதே இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு.

நாடிச் சுவரில் எலும்பு உருவாவது எங்ஙனம்?

இதய நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சிக் கலங்களும் சேர்ந்து படிவுகள் உண்டாகின்றன. காலப்போக்கில் அப்படிவுகளில் கல்சியம் படிந்து அவை இறுகுகின்றன. பழைய நீர்க்குழாயில் சுண்ணம் படிவதைப் போன்றதே இது என நெடுங்காலம் கருதப்பட்டது. நாடிச் சுவரில் நிகழ்வது எலும்பாக்கத்தை ஒத்த செயல் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடோல்ஃப் விர்ச்சோ கவனித்திருந்தார். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்று மனிதரின் நோயுற்ற நாடிப் படிவுகளிலும் இருப்பதை 1993இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நாடிச் சுவரின் தசைக் கலங்கள் தம் இயல்பு மாறி, எலும்பை ஆக்கும் கலங்களைப் போலச் செயற்படத் தொடங்குகின்றன என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும்.

இரு நோய்களையும் இணைக்கும் தெளிவான சான்று 1998இல் கிடைத்தது. எலும்பு அளவுக்கு மீறிக் கரைக்கப்படாமல் காக்கும் புரதம் ஒன்று உடலில் உண்டு. அதன் பெயர் ஒஸ்டியோபுரொட்டெஜெரின். அப்புரதத்தை உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு இளவயதிலேயே எலும்பு நலிந்தது. அதே எலிகளின் பெருநாடிச் சுவர்களில் கல்சியமும் படிந்தது. கல்சியம் இருக்க வேண்டிய இடத்தில் குறைந்து, இருக்கக் கூடாத இடத்தில் சேர்ந்தது. மனித உடலில் இச்செயல் இன்னும் சிக்கலானது. எனினும் எலும்பும் நாடியும் ஒரே ஒழுங்குமுறையின் கீழ் இயங்குவன என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றுடன் இரு நோய்களுக்கும் பொதுவான காரணிகளும் பல உள: முதுமை, மாதவிடாய் நிற்றல், புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. நீரிழிவு குறித்துத் தமிழ்க் குடும்பங்கள் தனியே அறிய வேண்டியது ஒன்றுண்டு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி அளவீட்டில் இயல்பாகத் தோன்றினும், எலும்பின் தரம் குறைந்திருப்பதால் முறிவு அபாயம் கூடுதலாகவே இருக்கும்.

தமிழர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஏன்?

முதல் மாரடைப்பு ஏற்படும் வயதை 52 நாடுகளில் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தென்னாசியப் பகுதி 2007இல் வெளியாயிற்று. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாட்டினருக்கு அவ்வயதின் இடைநிலை 53 ஆகவும், ஏனைய நாட்டினருக்கு ஏறக்குறைய 59 ஆகவும் இருந்தது. எலும்பைப் பொறுத்தவரை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்பு நலிவு நோய் காணப்பட்டது. விற்றமின் டி போதாமையும் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத வேலூரிலேயே நிலைமை இதுவாயின், ஆண்டின் சில மாதங்களைக் குளிரில் கழித்து, தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வீட்டினுள்ளும் பகற்பொழுதைப் போக்கும் சிட்னித் தமிழரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். கருமையான தோல், அதே அளவு விற்றமின் டியை ஆக்குவதற்குக் கூடுதல் வெயிலை வேண்டுகிறது.

கல்சியம் மாத்திரை: நன்மையா, தீமையா?

எலும்புக்கு நல்லதென்று கருதி, மருத்துவரைக் கேளாமலே கல்சியம் மாத்திரை உட்கொள்வோர் பலர். மாரடைப்பை உண்டாக்கும் என்று கேள்வியுற்று, மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் நிறுத்திவிடுவோரும் உளர். இரண்டும் தவிர்க்கத்தக்கவை.

இவ்வச்சத்தின் தோற்றம் நியூசிலாந்தில் உள்ளது. ஒக்லாந்து ஆய்வாளர்கள் மாதவிடாய் நின்ற 1,471 பெண்களை ஐந்தாண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவில், நாள்தோறும் 1,000 மில்லிகிராம் கல்சியம் மாத்திரையாக உட்கொண்டவர்களிடம் மாரடைப்புக் கூடுதலாகத் தென்பட்டது. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அதே குழுவினர் 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வும் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய 30 வீதம் கூடுவதாகக் கூறியது. ஆனால் 2015இல் வெளியான வேறொரு பகுப்பாய்வு, முதிய பெண்களிடம் இதய நாடி நோய் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை எனக் கண்டது. அறிஞரிடையே இவ்விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும் உணவிலிருந்து பெறும் கல்சியம் மீது இத்தகைய ஐயம் எழவில்லை. ஆகவே இயன்றவரை உணவிலிருந்து கல்சியத்தைப் பெறுதல், குறை இருப்பின் மட்டும் மருத்துவர் அறிவுரையுடன் மாத்திரையால் அதனை நிரப்புதல் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட நெறி.

அவுஸ்திரேலிய நெறிமுறைப்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கல்சியம் தேவை. 50 வயதைக் கடந்த பெண்களுக்கும் 70 வயதைக் கடந்த ஆண்களுக்கும் அது 1,300 மில்லிகிராம். ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் உண்டு. 100 கிராம் குரக்கன் (கேழ்வரகு) மாவில் 340 மில்லிகிராம் அளவு இருப்பினும், தானியத்தில் உள்ள வேறு பொருள்கள் அதன் ஒரு பகுதியை உடல் ஏற்காமல் தடுக்கும். தயிர், மோர், எள், முருங்கைக் கீரை, முள்ளோடு உண்ணப்படும் சிறு மீன் ஆகியனவும் நல்ல மூலங்கள். நெத்தலிக் கருவாட்டில் கல்சியம் மிகுதி, உப்பும் மிகுதி. மிகையான உப்பு குருதி அழுத்தத்தை உயர்த்துவதுடன், சிறுநீர் வழியே கல்சியத்தையும் வெளியேற்றும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தல் நாடிக்கும் எலும்புக்கும் ஒருங்கே நன்மை தரும்.

விற்றமின் டி குறித்தும் மிகையான எதிர்பார்ப்பு வேண்டியதில்லை. 60 முதல் 84 வயது வரையான 21,315 அவுஸ்திரேலியர் பங்கேற்ற டி-ஹெல்த் ஆய்வில், ஐந்தாண்டுகள் மாதந்தோறும் விற்றமின் டி பெற்றவர்களிடம் இறப்பு குறையவில்லை என 2022இல் அறிவிக்கப்பட்டது. குறைபாடு உள்ளவர்களுக்கு அது மருந்து. குறைபாடற்ற எல்லோருக்கும் அது காப்பன்று.

எலும்பு மருந்துகளும் இதயமும்

ரோமோசொசுமாப் என்னும் ஊசி மருந்து எலும்பை விரைவாக வளர்க்க வல்லது. 2017இல் வெளியான, 4,093 பெண்கள் பங்கேற்ற ஆய்வொன்றில், முதலாண்டில் அம்மருந்தைப் பெற்றவர்களுள் 2.5 வீதத்தினருக்கும், ஒப்பீட்டு மருந்தைப் பெற்றவர்களுள் 1.9 வீதத்தினருக்கும் கடுமையான இதய, குருதிக்குழாய்ப் பாதிப்புகள் ஏற்பட்டன. ஆகவே முன்பு மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர் அதனை எலும்பு மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும். தாயகத்தில் பெற்ற சிகிச்சையும் இதில் அடங்கும். அதன் பதிவு இந்நாட்டு மருத்துவரின் கணினியில் இராது.

புரோலியா என்ற பெயரில் வழங்கப்படும் டெனோசுமாப் ஊசி ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுவது. அதனைத் திடீரென நிறுத்தினாலோ பெரிதும் தாமதித்தாலோ முதுகெலும்பில் முறிவுகள் ஏற்படக்கூடும். யாழ்ப்பாணத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ பல மாதங்கள் தங்கச் செல்வோர், பயணத்தை உறுதிசெய்யும் முன்னரே அடுத்த ஊசியின் நாளை மருத்துவருடன் பேசித் தீர்மானித்தல் நன்று.

எவ்வெப் பரிசோதனைகள்?

எலும்பு அடர்த்திப் பரிசோதனை வலியற்றது. குறைந்த அளவு எக்ஸ்-கதிரைப் பயன்படுத்துவது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், சிறு வீழ்ச்சியால் எலும்பு முறிந்தவர்கள், நெடுங்காலம் ஸ்டீராய்ட் மருந்து உட்கொள்வோர், 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்ற பெண்கள், முடக்குவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய் போன்ற சில நோய்கள் உடையோர் ஆகியோருக்கு இதற்கான மெடிகெயார் உதவி உண்டு. விற்றமின் டி குருதிப் பரிசோதனைக்கான மெடிகெயார் உதவி 2014 முதல் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவ்வரையறையில் கருமையான தோலுடையோரும், பண்பாடு, தொழில், நோய், வசிப்பிடம் ஆகியவற்றின் காரணமாக நெடுங்காலம் வெயில் படாதோரும் இடம்பெற்றுள்ளனர்.

இதயத்தைப் பொறுத்தவரை, 2023 ஜூலையில் வெளியான புதிய அவுஸ்திரேலிய வழிகாட்டு நெறியின்படி, 45 முதல் 79 வயது வரையானவர்களின் ஐந்தாண்டுக்கால அபாயம் கணிக்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது 35 வயதிலேயே தொடங்கும். வயது, பால், புகைபிடித்தல், குருதி அழுத்தம், கொலஸ்திரோல், நீரிழிவு ஆகியவற்றுடன் வசிப்பிடத்தின் அஞ்சல் குறியீடும் கணக்கில் கொள்ளப்படுகிறது. வாழ்க்கைச் சூழலும் இதய நலனைப் பாதிக்கும் என்பதே அதற்குக் காரணம். வில்லாவுட் குடியிருப்பாளருக்கு அக்குறியீடு 2163. இந்திய, இலங்கை வம்சாவளியினரின் அபாயத்தைக் கணக்கில் வந்த மட்டத்தைவிட உயர்ந்ததாகக் கொள்வது பற்றி மருத்துவர் சிந்திக்கலாம் என்றும் அந்நெறி கூறுகிறது. எலும்பு முறிவு பற்றிய கேள்வி அக்கணிப்பியில் இல்லை. ஆகவே முறிவு வரலாற்றை நோயாளியே எடுத்துரைத்தல் வேண்டும்.

எதிர்காலத்தில் ஒரே படம் இரண்டுக்கும் பயன்படக்கூடும். எலும்பு அடர்த்திக் கருவியால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் படமெடுக்கையில், அதன் முன்னே செல்லும் வயிற்றுப் பெருநாடியில் உள்ள கல்சியப் படிவும் தென்படும். அதனைக் கணினி வழியே விரைவாக அளவிடும் முறையொன்றை, மேற்கு அவுஸ்திரேலியாவின் எடித் கவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கி 2023இல் வெளியிட்டனர்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

புகைபிடித்தலை நிறுத்துதல், மதுவைக் குறைத்தல், குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியன இரு நோய்களுக்கும் பொதுவான காப்புகள். நடைப்பயிற்சி இதயத்துக்கு மிக நன்று. எலும்புக்கு அது மட்டும் போதாது. படியேறுதல், பாரம் தூக்குதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல் போன்ற தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளும் வேண்டும். இதய நோயோ எலும்பு நலிவோ உள்ளவர் அவற்றை மருத்துவரையோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரையோ கலந்து தொடங்குதல் வேண்டும். விழாமற் காத்தலும் மருந்துக்கு நிகரானது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறை "ஸ்டெப்பிங் ஆன்" என்னும் ஏழு வார இலவச வகுப்பை நடத்துகிறது. குளியலறையில் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, வழுக்காத காலணி ஆகியனவும் உதவும்.

மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள்

• என் எலும்பு முறிந்தது எலும்பு நலிவாலா? எனக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா?
• எனக்கு எலும்பு நலிவு இருப்பதால், இதய நோய் அபாயத்தையும் கணித்துப் பார்க்கலாமா?
• எனக்கு இதய நாடி நோய் உண்டு. என் எலும்பையும் பரிசோதிக்க வேண்டுமா?
• என் உணவில் கல்சியம் போதுமானதா? மாத்திரை எனக்குத் தேவையா?
• இந்த எலும்பு மருந்து என் இதய நோய்க்கு ஏற்றதா?

ஆங்கிலத்தில் உரையாட இயலாதவர்கள் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மெடிகெயார் உதவி பெறும் சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவர்களும் இச்சேவையைக் கட்டணமின்றிப் பெற முடியும். பாங்க்ஸ்டவுன், பெயார்ஃபீல்ட், லிவர்பூல் உள்ளிட்ட பொது மருத்துவமனைகளிலும் உரைபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே அதனைக் கூறிவிடுதல் நன்று. நோய் வரலாற்றைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ மொழிபெயர்ப்பதைவிட இது பாதுகாப்பானது; தாய் தன் மகனிடம் கூறத் தயங்கும் மாதவிடாய் வரலாறும் மருத்துவரைச் சென்றடையும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், காரணமற்ற வியர்வை ஆகியன தோன்றினால் காத்திராது 000 எண்ணை அழைக்க வேண்டும். பெண்களுக்கு நெஞ்சு வலி இன்றியும் மாரடைப்பு நேரலாம்.

கடந்த சில ஆண்டுகளில் வீட்டில் எவருக்கேனும் சிறு வீழ்ச்சியால் மணிக்கட்டோ தோளோ இடுப்போ முதுகெலும்போ முறிந்திருப்பின், அது பழைய கதையென்று விட்டுவிடத்தக்கதன்று. முறிவு நிகழ்ந்த ஆண்டு, உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தில் மாரடைப்புக் கண்டவர்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை குடும்ப மருத்துவரைக் காணும்போது கையில் கொண்டுசெல்லுதல் தகும்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருத்துவரின் தனிப்பட்ட ஆலோசனைக்கு மாற்றாகாது. மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.